தர்சிகா கொடுத்த பாய்மரம்

1. முதல் ரேஸ்

முதல் நாள், முதல் ரேஸ். இரண்டாவது மிதவையைச் சுற்றித் திரும்பும்போது பின்பக்கமிருந்து ஒரு காற்று வந்து அறைந்தது. திசை திருப்பும் கட்டையான டில்லரைப் பிடித்திருந்த ஸ்டெல்லா படகைத் திருப்பினாள். வெளியே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த நான் உள்ளே வருவதற்குள் பாய் மறுபக்கம் போய் அடித்தது. படகு கவிழ்ந்தது.

கவிழ்வது எங்களுக்குப் பெரிய விஷயம் இல்லை. படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் ஏறி நின்று இழுத்தால் நிமிர்ந்துவிடும். உள்ளே ஏறி ஓட்டவேண்டியதுதான். ஆனால் அந்த இடத்தில் கடல் ஆழமே இல்லை. படகு முழுக்கத் தலைகீழாகப் போனதும் பாய்மரத்தின் நுனி அடிமணலில் குத்தி நின்றுவிட்டது. அடுத்து வந்த அலை படகைத் தூக்கிக் கீழே போட்டது. நான் அப்போது தண்ணீருக்குள் இருந்தேன். முழங்காலில் வைத்துக் கரும்பை முறித்தால் வருமே, அந்தச் சத்தம் கேட்டது.

மேலே வந்து பார்த்தால் ஸ்டெல்லா படகின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறாள்.

"இன்னாடி ஒடிஞ்சுது?" என்று கேட்டாள்.

"மரம்."

"பொய் சொல்லாத."

மீட்புப் படகு வந்து எங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு போனது. எங்களைத் தாண்டி மற்ற நாடுகளின் படகுகள் வண்ணவண்ணப் பாய்களை விரித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

இது ஓமன் நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றில் நடந்த ஆசிய அளவிலான பாய்மரப் படகுப் போட்டி. படகைப் போட்டி நடத்துகிறவர்களிடம்தான் வாடகைக்கு எடுத்திருந்தோம். கரைக்கு வந்ததும் எங்கள் கோச் பிரபு சார் அவர்களிடம் ஓடினார். திரும்பி வரும்போது அவர் நடையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"ஸ்பேர் மாஸ்ட் இல்லையாம்மா. இருந்ததெல்லாம் முந்தின போட்டியிலயே போயிடுச்சாம். வரவழைக்கிறதுக்குள்ள இது முடிஞ்சுடும்."

மாஸ்ட் என்பதும் மரம் என்பதும் ஒன்றுதான். உண்மையில் அது அலுமினியக் குழாய். மரத்தில் செய்த காலம் போனாலும் எங்கள் வாயில் மரம் என்றுதான் வரும்.

2. நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்த விதம்

என் பெயர் தமிழரசி. ஊர் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் சேலியமேடு. நைனாவுக்குக் கரும்பு வெட்டும் வேலை, அம்மாவுக்கு நடவும் களையெடுப்பும். எங்கள் வீட்டில் யாரும் கடலில் இறங்கியதில்லை. காணும் பொங்கலுக்குக் கடற்கரைக்குப் போனால் அம்மா புடவையை முழங்காலுக்குக்கூடத் தூக்காமல் கரையிலேயே நின்றுவிடுவாள்.

கல்லூரியில் மாணவர் படையின் கடற்பிரிவில் பெயர் கொடுத்தேன். காலையில் டிபன் தருவார்கள் என்பதுதான் காரணம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கேதான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். வில்லியனூர்ப் பெண். பயம் என்பது துளியும் கிடையாது. அவள் ஹெல்ம், அதாவது டில்லரையும் பெரிய பாயையும் பிடித்துப் படகை ஓட்டுகிறவள். நான் க்ரூ. முன்பாய் என் கையில் இருக்கும். காற்று கூடும்போது இடுப்பில் கட்டிய ஹார்னஸைக் கம்பியில் மாட்டிக்கொண்டு படகுக்கு வெளியே உடம்பை நீட்டித் தொங்கவேண்டும். காற்று எங்கே வருகிறது என்று பார்த்துச் சொல்வதும் என் வேலை.

படிப்பு முடிந்த பிறகு நான் சுண்ணாம்பாற்றுப் பக்கம் ஒரு படகுக் குழாமில் தற்காலிக ஆளாகச் சேர்ந்தேன். சுற்றுலா வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவதும் சாயங்காலம் அதையெல்லாம் அலசிக் காயப்போடுவதும் வேலை. ஸ்டெல்லா திருவாண்டார்கோயிலில் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தாள். கிடைத்த நேரத்தில் பயிற்சி எடுத்து, தேசியப் போட்டியில் நல்ல இடம் பிடித்து, இந்திய அணியில் எப்படியோ வந்துவிட்டோம்.

அந்தப் போட்டி எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், விளையாட்டு ஒதுக்கீட்டில் நீர் விளையாட்டுப் பயிற்றுநர் வேலைக்கு அறிவிப்பு வந்திருந்தது. சர்வதேசப் போட்டியில் மெடல் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். அடுத்த முறை அறிவிப்பு வரும்போது எனக்கு வயது தாண்டிவிடும்.

போவதற்கு எத்தனை பேர் கை கொடுத்தார்கள் என்பதை நான் சொல்லியே ஆகவேண்டும். ஸ்டெல்லாவுக்குக் கம்பெனியில் அவ்வளவு நாள் லீவு கிடைக்கவில்லை. அவளுடைய சூப்பர்வைசர் சாந்தி அக்கா, "நீ போயிட்டு வா. ஷிப்டை நாங்க மாத்தி மாத்திப் பாத்துக்கறோம். கேட்டா உடம்பு சரியில்லன்னு சொல்ல மாட்டேன், போட்டிக்குப் போயிருக்கான்னுதான் சொல்வேன்" என்று சொல்லி அனுப்பினார். சொன்னபடியே செய்திருக்கிறார்.

என் ஹார்னஸ் கிழிந்திருந்தது. புதிது வாங்க வழி இல்லை. தவளக்குப்பம் ஜங்ஷனில் கார் சீட் தைக்கிற காதர் பாயிடம் எடுத்துப்போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத இன்னாத்துக்கும்மா மாட்டறது?"

"இடுப்புல மாட்டிக்கிட்டு கடலுக்கு மேல தொங்கணும் பாய்."

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "தொங்குவியா? அப்ப சீட் பெல்ட் பட்டையைப் போட்டு மூணு தையல் அடிச்சுடறேன். ஒரு தையல் உனக்கு, ஒண்ணு உங்க அம்மாவுக்கு, ஒண்ணு எனக்கு" என்றார். கூலி வேண்டாம் என்றார். அந்தத் தையல் கடைசிவரை பிரியவில்லை.

இத்தனை பேரும் அனுப்பிவைத்து, முதல் ரேஸே முடியாமல் மரத்தை ஒடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

3. "நீங்க தமிழோ?"

ஒடிந்த மரத்தைக் கரையில் கிடத்தியிருந்தோம். அடுத்த ரேஸ் தொடங்கி, முடிந்தும் போய்விட்டது. எங்கள் போட்டியில் முதல் இடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாவது இடத்துக்கு இரண்டு என்று போகும். கடைசியில் யாருக்குக் குறைவாக இருக்கிறதோ அவர்களுக்குத்தான் வெற்றி. போகாத ரேஸுக்குக் கடைசி இடத்தைவிட ஒரு புள்ளி அதிகம் போடுவார்கள். எங்களுக்கு இரண்டு ரேஸும் அப்படிப் போயிற்று. மோசமான ஒரு ரேஸைக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம் என்பது மட்டும்தான் ஆறுதல்.

ஸ்டெல்லா அழுதுகொண்டே கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "இன்னாத்தப் போய் சொல்றது சாந்தி அக்காகிட்ட? போன ஒடனே கவுத்துட்டேன்னா?" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு எனக்குச் சொல்வதாக இல்லை. ஆனால் பக்கத்தில் படகைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கேட்டிருக்கிறது. குழாயை மூடிவிட்டு வந்தாள். சட்டையில் இலங்கைக் கொடி.

"மன்னிக்கவேணும், நீங்க தமிழோ?"

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம்.

"நான் தர்சிகா. திருகோணமலை. நீங்க இந்தியா எண்டு தெரியும், தமிழ் எண்டு தெரியாது" என்றாள். ஒடிந்த இடத்தைக் குனிந்து தொட்டுப் பார்த்தாள். "இதை ஒட்டேலாது. நாங்க எங்கட படகைக் கன்டெய்னர்ல கொண்டு வந்தனாங்க. ஒரு ஸ்பேர் மரம் கிடக்கு. உங்கட படகுக்குச் சரிவருமோ எண்டு பார்ப்பமோ?"

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். எங்கள் பிரிவில் மூன்றாவது இடத்துக்கு முட்டி மோதப்போகிறவர்கள் நாங்களும் அவர்களும்தான் என்று போட்டிக்கு முன்பே பிரபு சார் கணக்குப் போட்டு வைத்திருந்தார். நாங்கள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டால் அவளுக்குத்தான் லாபம். அது அவளுக்கும் தெரியாமல் இருக்காது.

"உங்களுக்கே ஒடிஞ்சா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"ஒடிஞ்சாத்தானே" என்று சொல்லிவிட்டு அவர்களுடைய மேனேஜரைத் தேடிப் போனாள்.

தூரத்தில் அவர்கள் பேசுவது தெரிந்தது. சிங்களம், எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மேனேஜர் கையை ஆட்டுவதைப் பார்த்தால் அவருக்கு இஷ்டம் இல்லை என்பது புரிந்தது. தர்சிகாவின் க்ரூ இஷானி என்ற சிங்களப் பெண்ணும் போய்த் தர்சிகாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். கடைசியில் அந்த மேனேஜர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு பேரும் மரத்தைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"கொஞ்சம் கத்தினவர். பரவாயில்ல" என்றாள் தர்சிகா.

பிரபு சார் போட்டிக் குழுவிடம் போய் மரம் மாற்ற அனுமதி வாங்கினார். அளவு பார்க்கிற அதிகாரி வந்து அளந்து சரி என்றார். வெயில் இறங்குவதற்குள் நாலு பேருமாகச் சேர்ந்து மரத்தை ஏற்றிக் கம்பிகளைக் கட்டி முடித்தோம்.

4. கம்பி எவ்வளவு இறுக்கம்

பாய்மரப் படகு ஓட்டாதவர்களுக்கு இந்த இடம் புரிவதற்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். மரத்தைக் கொடுப்பது ஒரு உதவி. ஆனால் மரம் மட்டும் இருந்தால் படகு ஓடாது. ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மாதிரி வளையும். அந்த வளைவுக்கு ஏற்ற மாதிரி, மரத்தைத் தாங்கி நிற்கும் இரண்டு பக்கக் கம்பிகளையும் இறுக்கவேண்டும். எந்தக் காற்றுக்கு எவ்வளவு இறுக்கம் என்பதை ஒவ்வொரு டீமும் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். அதை வெளியே யாரிடமும் சொல்ல மாட்டார்கள். பக்கத்துப் படகுக்காரன் வந்தால் துண்டைப் போட்டு மூடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் காற்று லேசாக இருந்தது. எங்கள் பாயில் மரத்தை ஒட்டிச் சுருக்கம் விழுந்தது. ஸ்டெல்லா எதை எதையோ திருகிப் பார்த்தாள், போகவில்லை. தர்சிகா தன் படகை இறக்கப் போய்க்கொண்டிருந்தவள், பாதி வழியில் நின்று எங்கள் பாயைப் பார்த்தாள். தன் படகை இஷானியிடம் விட்டுவிட்டு வந்தாள்.

"இந்த மரம் கொஞ்சம் முரடு. உங்கட பழைய மரம் மாதிரி வளையாது. லேசான காத்துக்குக் கம்பியை நல்லா இளக்கிவிடுங்க. வெள்ளை நுரை தெரியத் தொடங்கினா இறுக்குங்க, அதுக்கு முந்தி வேணாம்" என்று சொல்லிக்கொண்டே தன் கையாலேயே திருகிவிட்டாள். சுருக்கம் போய்ப் பாய் பலகை மாதிரி விறைத்து நின்றது.

"ஏம்பா, இதெல்லாம் எங்களுக்குச் சொல்லலாமா?" என்றாள் ஸ்டெல்லா.

"சொல்லாட்டி நீங்க மரத்தைக் குறை சொல்லுவீங்க" என்று சிரித்துவிட்டு ஓடினாள்.

அன்றைக்கு ஒரு ரேஸில் இரண்டாவது வந்தோம். அடுத்ததில் மூன்றாவது. அதற்கு அடுத்த நாளும் நன்றாகப் போயிற்று. ஒரு ரேஸில் அவர்கள் முன்னால், ஒன்றில் நாங்கள் முன்னால். சாப்பாட்டு நேரத்தில் நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். நான் கொண்டுபோயிருந்த எலுமிச்சை ஊறுகாயை இஷானி சோற்றைவிட அதிகமாகச் சாப்பிட்டாள்.

5. கடைசி நாள் காலை

கடைசி ரேஸுக்கு முந்தின கணக்கு போர்டில் ஒட்டப்பட்டது. முதல் இரண்டு இடமும் முடிவாகிவிட்டது. மூன்றாவது இடத்துக்கு இந்தியாவும் இலங்கையும் ஒரே புள்ளி. மற்றவர்கள் யாரும் எட்ட முடியாது. கடைசி ரேஸில் எங்கள் இரண்டு பேரில் யார் முன்னால் வருகிறார்களோ அவர்களுக்கு வெண்கலம்.

இப்படிப்பட்ட நிலையில் செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான். மற்ற படகுகளை மறந்துவிட்டு எதிராளியின் காற்றை மறிக்கவேண்டும். அவர்களுக்குக் காற்று வரும் பக்கத்தில் போய் நின்றால் நம் பாய் அதைத் தின்றுவிடும். அவர்கள் படகு தள்ளாடும். விதிப்படி இது சரியானதே. எல்லாரும் செய்வது.

பிரபு சார் அதைத்தான் சொன்னார். "அவங்க மேலேயே உக்காரு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே திரும்பு. காத்தைக் குடுக்காத."

ஸ்டெல்லா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சார், அவங்க மரத்துல பாயைக் கட்டிக்கிட்டு அவங்க காத்தையே மறிக்கச் சொல்றீங்களா?"

"இது போட்டிம்மா."

"எனக்கு முடியாது சார். நாங்க எங்க ரேஸை ஓட்டறோம். ஜெயிச்சா ஜெயிப்போம்."

சார் என்னைப் பார்த்தார். வேலை கண்ணுக்கு முன்னால் நின்றது. வயது தாண்டிவிடும் என்பதும் நின்றது. ஆனாலும் எனக்கும் மனசு வரவில்லை. "அவ சொல்றதுதான் சார்" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுக்காடி இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று கத்தினார். அதுவரை அவர் கத்தி நாங்கள் கேட்டதே இல்லை.

அதன் பிறகு நாங்கள் தர்சிகாவின் கண்ணில் படாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனோம். எதைப் பேசுவது என்று தெரியவில்லை. படகை இறக்கும் சரிவில் அவளே வந்து எதிரில் நின்றுவிட்டாள். முகம் சிவந்திருந்தது.

"எங்களை மறிக்க மாட்டீங்களாம்? உங்கட கோச் கத்தினது அங்க வரைக்கும் கேட்டது."

ஸ்டெல்லா, "இல்லப்பா, அது வந்து..." என்று இழுத்தாள்.

"நீங்க விட்டுத் தந்து நான் மூண்டாவது வந்தா, ஊருக்குப் போய் என்னெண்டு சொல்றது? மரத்தைக் குடுத்து மெடல் வாங்கினன் எண்டோ?"

அவள் எங்கள் மரத்தின் மேல் கையை வைத்தாள்.

"நீங்க ஓடவேணும் எண்டுதான் தந்தனான். பின்னால வாறதுக்குத் தரேல்ல. நான் உங்களை மறிப்பன், இப்பவே சொல்லிப்போட்டன். நீங்க ஒழுங்கா ஓட மாட்டீங்க எண்டா இப்பவே மரத்தைக் கழட்டித் தாங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பின்னாலேயே நின்றிருந்த இஷானிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என்ன பேச்சு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்களைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு அவளும் போனாள்.

ஸ்டெல்லா முகத்தைத் துடைத்துக்கொண்டு லைஃப் ஜாக்கெட்டை இறுக்கினாள். "சொல்லிட்டாடி. அப்புறம் இன்னா? ஏறு."

6. கடைசி ரேஸ்

தர்சிகா சொன்ன சொல் தவறவில்லை. ஸ்டார்ட் கோட்டில் எங்களுக்குக் கீழ்ப்பக்கமாக வந்து ஒட்டிக்கொண்டு எங்களை மேலே, அதாவது காற்று வரும் திசைக்கு நேராக, தள்ளினாள். ஹாரன் அடித்தபோது அவள் படகு வேகம் பிடித்துப் போனது, எங்கள் பாய் படபடவென்று அடித்துக்கொண்டு நின்றது. முதல் மிதவைவரை எங்கள் காற்றை அவள்தான் வைத்திருந்தாள். நாங்கள் வலப்பக்கம் திரும்பினால் அவளும் வலம். இடப்பக்கம் போனால் அவளும் இடம். நல்ல தூரம் முந்திக்கொண்டு மிதவையைச் சுற்றினாள்.

அடுத்த கட்டம் காற்றோடு கீழே போவது. நான் பெரிய பலூன் பாயை விரித்துவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். காற்று வரும் இடத்தில் தண்ணீர் கறுத்துத் தெரியும். சின்னச் சின்ன நெளிவாக, மண்ணில் நிழல் நகர்வது மாதிரி. இடப்பக்கம் தூரத்தில் அப்படி ஒரு கறுப்பு. மற்ற படகுகள் எல்லாம் வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தன.

"இடது பக்கம் வா ஸ்டெல்லா."

"அங்க யாருமே போவலயேடி."

"காத்து வருது. வா."

பாயை மாற்றி இடப்பக்கம் வந்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. நான் தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்று மறுபடி பின்னால் திரும்பிப் பார்த்தேன். அப்புறம் பிடரியில் காற்று பட்டது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. நான் சீட் பெல்ட் பட்டையில் முழு உடம்பையும் விட்டுத் தொங்கினேன். தண்ணீர் தெறித்துக் கண்ணே தெரியவில்லை.

கீழ் மிதவையைச் சுற்றும்போது நாங்கள் முன்னால் இருந்தோம். பெரிய தூரம் இல்லை, இரண்டு மூன்று படகு நீளம்தான் இருக்கும்.

இனி காற்றை எதிர்த்து மேலே ஏறி முடிவுக் கோடு. தர்சிகா உடனே மறுபக்கம் திரும்பினாள், எங்கள் மறைப்பிலிருந்து தப்பிக்க. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் காலையில் பேசியது எல்லாம் இருந்தது.

"திருப்பு" என்றேன்.

திருப்பினோம். அவள் மறுபடி திரும்பினாள். நாங்களும் திரும்பினோம். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் நான் கம்பியைக் கழற்றி, குனிந்து, பாய்க்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி மாட்டித் தொங்கவேண்டும். கயிறு உரசி உள்ளங்கைத் தோல் கிழிந்துவிட்டது. எத்தனை முறை திரும்பினோம் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை அவள் திரும்புவது போலப் பாவனை செய்து சட்டென்று நிறுத்திவிட்டாள். நாங்கள் ஏமாந்து பாதி திரும்பிவிட்டோம். சரிசெய்வதற்குள் அவள் படகின் மூக்கு எங்கள் பக்கவாட்டுக்கு வந்துவிட்டது.

"ராட்சசி" என்றாள் ஸ்டெல்லா. அவ்வளவு மரியாதையாக அந்தச் சொல்லை அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசியில் இரண்டு படகும் ஒரே பக்கமாக, பக்கத்துப் பக்கத்தில் ஓடின. நானும் இஷானியும் எதிரும் புதிருமாக இல்லாமல் ஒரே வரிசையில் வெளியே தொங்கிக்கொண்டிருந்தோம். அவள் மூச்சு வாங்குவதுகூட எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது. கோட்டைத் தாண்டியபோது ஒரு ஹாரன். உடனே இன்னொன்று.

முதல் ஹாரன் எங்களுக்கு.

7. மரத்தைத் திருப்பிக் கொடுத்தோம்

ஸ்டெல்லா டில்லரை விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். படகு மறுபடி கவிழப் பார்த்தது. சிரித்துக்கொண்டே திரும்பினால், தர்சிகா பாயின் அடியில் இருக்கும் குறுக்குக் கட்டையில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இஷானி அவள் முதுகில் கையை வைத்திருந்தாள். எங்கள் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

கரையில் பிரபு சார் தண்ணீருக்குள்ளேயே ஓடி வந்தார். கொடியைக் கொண்டுவந்து தோளில் போட்டார்கள், படம் எடுத்தார்கள். அதெல்லாம் முடிந்ததும் நாங்கள் முதலில் செய்தது மரத்தைக் கழற்றியதுதான். நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவினோம். என் துண்டாலேயே துடைத்தேன். இரண்டு பேரும் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு இலங்கைக்காரர்கள் இருந்த இடத்துக்குப் போனோம்.

தர்சிகாவின் கண் வீங்கியிருந்தது. மரத்தை வாங்கி ஸ்டாண்டில் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். அடியில் ஒரு கீறல் இருந்தது. நான் பதறிப்போனேன்.

"இது முந்தியே இருந்தது" என்றாள்.

எங்களுக்கு நன்றி என்று சொல்லத் தெரியவில்லை. அந்த இடத்தில் அந்தச் சொல் ரொம்பச் சின்னதாக இருந்தது. ஸ்டெல்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

"நாலாவது எண்டு வீட்ட சொல்ல ஒரு மாதிரிக் கிடக்கு" என்றாள் தர்சிகா. பிறகு, "அந்தக் கடைசி ஏத்தத்தில ஒருக்காவும் விடேல்லத்தானே நீங்க? விட்டிருந்தா இந்த ஜென்மத்தில உங்களோட கதைச்சிருக்க மாட்டன்" என்றாள். அப்புறம்தான் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். இஷானி வந்து என் கிழிந்த உள்ளங்கையை விரித்துப் பார்த்து, தன் பையிலிருந்து மருந்து எடுத்துப் பூசிவிட்டாள்.

8. நைனா கேட்ட கேள்வி

ஊரில் பேனர் வைத்திருந்தார்கள். பாய்மரப் படகுப் படம் கிடைக்கவில்லை போலிருக்கிறது, துடுப்புப் போடுகிற படகில் எங்கள் தலைகளை ஒட்டியிருந்தார்கள். மேளம் அடித்தார்கள். அம்மா மெடலை வாங்கிப் புடவைத் தலைப்பால் மூடி வைத்துக்கொண்டாள், யாராவது கண் போட்டுவிடுவார்கள் என்று.

கூட்டம் போன பிறகு நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மரம் ஒடிந்தது, தர்சிகா கொடுத்தது, கம்பி திருகிவிட்டது, கடைசி ரேஸ். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னா கெடச்சுது?"

நான் குழம்பை எடுத்து அவர் தட்டில் ஊற்றினேன்.

எனக்கு வேலை கிடைத்தது. உத்தரவு வந்த அன்று, வீட்டுக்குச் சொல்வதற்கு முன்பே தர்சிகாவுக்குப் போன் செய்தேன். அவள் சந்தோஷத்தில் கத்தினாள். அப்போது நைனா கேட்டதை அவளிடமே கேட்டுவிட்டேன். "உனக்கு இன்னா கெடச்சுது தர்சிகா? எங்க நைனா கேட்டாரு."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உண்மையைச் சொன்னா, மேனேஜருக்குக் கோபம். அடுத்த போட்டிக்கு எங்களை எடுக்கேல்ல. இஷானியும் நானும் நல்லா அழுதனாங்க" என்றாள். "ஆனா அக்கா, அண்டைக்கு மரத்தைத் தராம விட்டிருந்தா நீங்க அந்தக் கரையிலயே இருந்திருப்பீங்க. ஒவ்வொரு நாளும் நான் உங்களைத் தாண்டித்தான் படகை இறக்கியிருக்கோணும். அது என்னால ஏலாது. எனக்குக் கிடைச்சது அதுதான் எண்டு அப்பாட்டச் சொல்லுங்க. உங்களைத் தாண்டிப் போகவேண்டி வரேல்ல."

அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

சொன்னதை அப்படியே நைனாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு நான் எப்போது போட்டி, பயிற்சி என்று பேச்செடுத்தாலும், "அந்தத் திருகோணமலைப் பொண்ணை டீம்ல எடுத்தாங்களா?" என்று கேட்பார். எடுக்காதவரை அவருக்கு என் சம்பளம்கூட முழுசாக இனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பிறகு எடுத்தார்கள். தர்சிகாவும் இஷானியும் வேறொரு நாட்டில் நடந்த போட்டியில் வெள்ளி வாங்கிக்கொண்டு நிற்கும் படம் என் போனுக்கு வந்தது. கரும்புத் தோட்டத்துக்கே ஓடிப்போய்க் காட்டினேன். நைனா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இப்பதாம்மா எனக்கு நிம்மதியா இருக்குது" என்றார்.

9. என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு

முடிச்சுப் போடுவது, காற்றைப் பார்ப்பது, கவிழ்ந்த படகை நிமிர்த்துவது எல்லாம் நான் சொல்லித்தருகிறேன். அதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். எனக்கு வராமல் இருந்த ஒன்றை ஓமன் கடற்கரையில் ஒருத்தி கற்றுக்கொடுத்தாள். எதிர்ப் படகில் இருப்பவருக்கு ஏதாவது ஒடிந்தால், உங்களிடம் இருப்பதை எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அதைப் பூட்டவும் உதவி செய்யுங்கள். ஹாரன் அடித்த பிறகு அவருக்கு ஒரு துளிக் காற்றுகூட விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்று நான் நினைத்திருந்தேன். இரண்டுமே மரியாதைதான்.

இன்று நான் வாங்குகிற சம்பளம், என் தம்பியின் படிப்பு, நாங்கள் இருக்கிற இந்த வீடு எல்லாமே, தான் தோற்றாலும் பரவாயில்லை, நாங்கள் ஓடவேண்டும் என்று நினைத்த ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. அவளுக்கு அடுத்த இடத்தில் நான் வந்திருந்தாலும் இதே நன்றியோடுதான் எழுதியிருப்பேன் என்று சொல்ல ஆசை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. என் இடத்தில் இருந்திருந்தால் அவள் எழுதியிருப்பாள், அது தெரியும்.